பிப்ரவரிக் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஆண்டுச் சம்பளம் 11,40,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 5 லட்சம். புது வண்ணாரப்பேட்டையில் மாதம் 12,000 ரூபாய் வாடகையில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் குடியிருக்கிறேன். பி.எஃப். பிடித்தம் ஆண்டுக்கு 60,000. அதற்கு மேல் மூன்று ஆயுள் காப்பீட்டு பாலிசிகளுக்கு மார்ச் மாதத்தில் 1,20,000 ரூபாய் பிரீமியம் கட்டுகிறேன். மூன்றும் என் மனைவியின் அண்ணன் போட்டுக் கொடுத்தவை. கையில் மொத்தமாகப் பணம் இருக்காது என்பதால் ஒவ்வொரு பிப்ரவரியிலும் 15 சதவீத வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கிப் பிரீமியத்தைக் கட்டிவிட்டு, பன்னிரண்டு தவணையில் அடைக்கிறேன். நிதி அமைச்சர் வரி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்வதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார். ஆனால் 4 லட்சத்துக்கு மேல் 5 சதவீதம் என்று பட்டியலும் இருக்கிறது. எது உண்மை? மச்சான், பழைய வரி முறையில் இருந்தால்தான் சேமிப்பு என்கிறார். பங்குச்சந்தையுடன் இணைந்த ஒரு புதிய காப்பீட்டுத் திட்டத்திலும் மாதம் 10,000 ரூபாய் போடச் சொல்கிறார். நாளை என் மகளுக்குத் தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவர் அவர். மறுக்க முடியவில்லை. அடுத்த வாரம் கடனுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஆண்டு நண்பர் சொல்லி வாங்கிய பங்குகளை நான்கே மாதத்தில் விற்றதில் 20,000 ரூபாய் லாபமும் வந்தது. அதற்கும் வரி இல்லைதானே?

பதில்: உங்கள் கடிதத்தைவிட, அதனுடன் நீங்கள் இணைத்திருந்த மூன்று அடகுச் சீட்டுகளைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகளின் சீட்டுகள். மூன்றிலும் ‘செயின் 1, 16 கிராம்’ என்று ஒரே எழுத்து. ஜூன் மாதம் கடைக்குப் போகிறது, தீபாவளி போனஸ் வந்ததும் நவம்பரில் திரும்புகிறது. தொகை ஒவ்வொரு முறையும் 40,000, வட்டி நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். இந்தச் செயினைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதற்கும் வரிக்கும் தொடர்பில்லை என்று நினைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. தொடர்பு இருக்கிறது.

முதலில் அமைச்சர் சொன்னது. இரண்டுமே உண்மைதான். 2025 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட்டில், புதிய வரி முறைக்கு 4 லட்சம் வரை வரி இல்லை, 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம் என்று அடுக்கு வைத்தார்கள். அடுக்குப்படி வரியைக் கணக்கிட வேண்டும். பிறகு, வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. உங்கள் சம்பளத்தில், சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலையான கழிவு 75,000 போனால் மீதி 10,65,000. அடுக்குப்படி வரி 20,000 கூட்டல் 26,500, ஆக 46,500. தள்ளுபடி அதை முழுதாக அழித்துவிடுகிறது. சம்பளத்துக்குக் கட்ட வேண்டிய வரி சுழி. இதற்கு வாடகை ரசீது வேண்டாம், பிரீமியம் ரசீது வேண்டாம், எந்தச் சான்றும் வேண்டாம்.

இனி, சேமிப்பு என்று உங்கள் மச்சான் சொல்லும் பழைய முறை. 11,40,000-இல் நிலையான கழிவு 50,000, வாடகைக்கான கழிவு 94,000, பி.எஃப்., ஆயுள் காப்பீடு போன்ற சேமிப்புகளுக்கான 80சி பிரிவில் 1,50,000 போக மீதி 8,46,000. இதற்கு வரி 81,700, வரியின் மேல் விதிக்கும் செஸ்ஸும் சேர்த்து ஏறத்தாழ 85,000 ரூபாய். மாதம் 7,000 ரூபாய்க்கு மேல் உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எதுவும் எழுதிக் கொடுக்காவிட்டால் இப்போது புதிய முறைதான் பொருந்தும். சென்ற ஏப்ரலில் ‘பழைய முறை வேண்டும்’ என்று நிறுவனத்துக்கு நீங்களே எழுதிக் கொடுத்ததால்தான் இந்தப் பிடித்தம். 85,000 ரூபாய் வரி கட்டிக்கொண்டு, அதைக் குறைப்பதற்காகக் கடனும் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கடன் எவ்வளவு வரியைக் குறைத்தது என்றும் பார்ப்போம். 80சி பிரிவின் உச்சவரம்பு 1,50,000. 2014-இல் வைத்தது, இன்றும் அதே. உங்கள் பி.எஃப். அதில் 60,000-ஐ ஏற்கெனவே நிரப்பிவிட்டது. மீதி இடம் 90,000-தான். ஆகவே 1,20,000 பிரீமியத்தில் 30,000 ரூபாய்க்கு வரிச் சலுகையே கிடையாது. மூன்றாவது பாலிசியை விற்றபோது இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. 90,000-க்கு 20 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்தால் மிச்சம் சுமார் 18,700 ரூபாய்.

செலவு? கடன் தவணை மாதம் 10,831. ஓராண்டு வட்டி கிட்டத்தட்ட 10,000. பரிசீலனைக் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 2,800 என்று உங்கள் பழைய கடன் தாளில் இருக்கிறது. ஆக 12,800. தவணை போய்க்கொண்டிருக்கும் வீட்டில் ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் வந்தால் பணம் எங்கிருந்து வரும்? செயின் அடகுக்குப் போகிறது. 40,000-க்கு ஆறு மாத வட்டி 4,800. இரண்டையும் கூட்டினால் 17,600. மிச்சப்பட்டது 18,700, போனது 17,600. நடுவில் நிற்பது 1,100 ரூபாய். அதற்காக உங்கள் மனைவி ஆண்டில் பாதி நாள் வெறுங்கழுத்தோடு இருந்திருக்கிறார்.

பாலிசி வாங்கியது தவறு என்றுகூட நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் கடன் வாங்கும் பழக்கம்தான் உங்களைக் கெடுக்கிறது. ராயபுரத்தில் என்னிடம் வருகிறவர்களில் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் நிறையப் பேர். சான்று கொடுக்கக் கடைசி நாள் என்று அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டியதும் கைகால் உதறுகிறது, கண்ணில் பட்டதை வாங்கிவிடுகிறார்கள். கடன் வாங்கிச் செய்வதைச் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள என்னால் முடியவில்லை. உங்கள் பழைய கடனின் கடைசித் தவணை இந்தப் பிப்ரவரியோடு முடிகிறது. புதிய கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிக்காரர் ‘முன்அனுமதி ஆகிவிட்டது’ என்று தொலைபேசியில் அழைத்தால் வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுங்கள்.

பிடித்த வரி திரும்பி வரும். ஆண்டின் நடுவில் நிறுவனம் முறையை மாற்றிக் கொடுக்காமல் போகலாம்; கணக்காளரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஒவ்வொரு ஆண்டும் முறையை மாற்றிக்கொள்ளலாம். நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16 ஜூன் மாதம் கைக்கு வந்ததும், ஜூலை 31-க்குள் வருமான வரிக் கணக்கைப் புதிய முறையிலேயே தாக்கல் செய்யுங்கள். பிடித்த தொகை, பங்கு லாபத்துக்கான வரி போக, உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். ஏப்ரலில் நிறுவனம் மறுபடி படிவம் கொடுக்கும்போது பழைய முறையைத் தேர்வு செய்யாதீர்கள். ஏப்ரல் 1, 2026 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது என்று சொல்லி யாராவது குழப்பலாம். இந்த 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டப்படியேதான் கணக்கு.

அந்தப் பங்கு லாபம் 20,000. இங்கேதான் அமைச்சரின் பேச்சைப் பாதி கேட்டுவிட்டு எழுந்துபோனவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மூலதன ஆதாயம் போன்ற சிறப்பு விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது என்று பட்ஜெட் உரையிலேயே சொன்னார். ஓராண்டுக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 20 சதவீதம் வரி. தள்ளுபடி அதைத் தொடாது. செஸ் சேர்த்து 4,160 ரூபாய் நீங்கள் கட்டத்தான் வேண்டும். படிவமும் மாறும்: ஐ.டி.ஆர். 1 உங்களுக்குச் செல்லாது, ஐ.டி.ஆர். 2 வேண்டும். லாபத்தை மறைக்க நினைக்காதீர்கள். பங்கு விற்ற விவரம் துறையிடம் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொரு பயமும் உங்களுக்கு வரும் என்று தெரியும். சம்பளம் உயர்ந்து 12,75,000-ஐத் தாண்டிவிட்டால் ஒரேயடியாக 60,000 ரூபாய் வரி விழும் என்பார்கள். அப்படி விழாது. 13 லட்சம் சம்பளம் என்றால் கழிவு போக 12,25,000. வரம்பைத் தாண்டியது 25,000. அடுக்குப்படி வரி 63,750 வந்தாலும், தாண்டிய 25,000-க்கு மேல் வரி கேட்கக்கூடாது என்று விளிம்பு நிவாரணம் இருக்கிறது. அதற்குப் பயந்து சம்பள உயர்வு கிடைத்ததும் பாலிசி தேடி ஓடாதீர்கள்.

பாலிசிகளுக்கு வருவோம். மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. பதினைந்து ஆண்டில் பத்து ஆண்டு கட்டிவிட்ட பழைய பாலிசிக்குப் பிரீமியம் 36,000. அதை முதிர்வு வரை கட்டி முடித்துவிடுங்கள். ஆண்டுப் பிரீமியத்தை மாதப் பிரீமியமாக மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள்; மாதம் 3,000 சொச்சம் உங்களால் கடன் இல்லாமல் கட்ட முடியும். ஆறு ஆண்டு கட்டிய இருபது ஆண்டு பாலிசிக்கு 44,000. இதை ‘பெய்ட்-அப்’ ஆக்குங்கள். மேற்கொண்டு கட்ட வேண்டாம், கட்டியவரைக்குமான தொகை முதிர்வின்போது வரும். 2024 மார்ச்சில் எடுத்த 40,000 ரூபாய் பாலிசியை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. கட்டிய 80,000-இல் பெரும்பகுதி திரும்பாது. வலிக்கும். ஆனால் இன்னும் பல ஆண்டு அதே 40,000-ஐக் கட்டுவதைவிட இந்த இழப்பு சிறியது. இரண்டு ஆண்டுப் பிரீமியம் கட்டிவிட்டதால், முன்பு பெற்ற வரிக் கழிவைத் திருப்பிக் கேட்கும் விதியும் உங்களைத் தொடாது. எதையும் செய்வதற்கு முன் மூன்று பாலிசிகளுக்கும் இன்றைய சரண்டர் மதிப்பு (இப்போதே நிறுத்தினால் கைக்கு வரும் தொகை), பெய்ட்-அப் மதிப்பு இரண்டையும் காப்பீட்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். மச்சான் வாயால் சொல்லும் எண் போதாது. ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு என்பதால் பதற வேண்டியதில்லை.

அந்தப் புதிய சந்தைத் திட்டம் வேண்டாம். காப்பீடும் முதலீடும் ஒரே பையில் இருந்தால் இரண்டிலும் என்ன செலவாகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஐந்து ஆண்டுகளுக்குப் பணத்தை எடுக்கவும் முடியாது. ஜூன் மாதம் 40,000 ரூபாய்க்கு அடகுக் கடைக்குப் போகிற குடும்பம் ஐந்து ஆண்டுக்குப் பணத்தைப் பூட்டிவைக்கக் கூடாது. உங்கள் மூன்று பாலிசிகளின் காப்பீட்டுத் தொகையைக் கூட்டினால் 13 லட்சம்கூட வரவில்லை, அதாவது உங்கள் ஓராண்டுச் சம்பளம்தான் தேறுகிறது. நாளை உங்களுக்கு ஒன்று என்றால் அந்தக் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? வேண்டியது வெறும் டேர்ம் காப்பீடு, அதாவது முதலீடு கலக்காத ஆயுள் காப்பீடு, ஒரு கோடி ரூபாய்க்கு, 60 வயது வரை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிக்கும் மருத்துவ பாலிசிக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டு வாங்குங்கள்.

மார்ச் முதல் தவணைப் பணம் 10,831 உங்கள் கையிலேயே நிற்கும். பழைய பாலிசிக்கும் டேர்ம் காப்பீட்டுக்கும் போக மீதியை, மே மாத முடிவு வரை தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டுவையுங்கள், அட்டை இல்லாத கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. அது ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு. முழுதாகப் போதாது, பாதியாவது தேறும். மீதியை இரண்டு தவணையில் கட்டப் பள்ளியிடம் இப்போதே கேட்டுவையுங்கள். வரி திரும்பி வரும் தொகையை வண்டி, தொலைக்காட்சி என்று கரைத்துவிடாமல் அப்படியே வங்கி வைப்பில் போடுங்கள். அடுத்த ஜூனுக்கு அது இருக்கட்டும்.

கடைசியாக மச்சான். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் அவருக்கும் இலக்கு இருக்கும், நெருக்கடி இருக்கும். ஆனால் தாய்மாமன் சீரும் பாலிசியும் வேறு வேறு. சீர் அவர் தங்கை மகளுக்குச் செய்யும் உரிமை. பாலிசியில் அவருக்குக் கமிஷன். இரண்டையும் ஒன்றாகப் பார்த்துத்தான் இத்தனை ஆண்டு வாய்மூடி இருந்திருக்கிறீர்கள். தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள், மனைவியும் கூட இருக்கட்டும், பேசுவதும் மனைவியாகவே இருந்தால் நல்லது. சம்பளச் சீட்டையும் இந்த மூன்று அடகுச் சீட்டுகளையும் முன்னால் வையுங்கள். ‘அண்ணா, இந்த வருமானத்துக்கு இனி வரியே இல்லை, வரிக்காக எதுவும் வாங்க வேண்டியதில்லை’ என்று தங்கை சொன்னால் அவரால் மறுக்க முடியாது. தங்கையின் செயின் மூன்று முறை அடகுக்குப் போன விஷயம் அவருக்கு இதுவரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கடன் விண்ணப்பத்தில் ஏற்கெனவே ஆதார் நகலும் சம்பளச் சீட்டும் கொடுத்திருக்கிறீர்கள். திங்கட்கிழமையே வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதிவிடுங்கள். பதில் வரும்வரை உங்கள் தொலைபேசிக்கு வரும் ஒருமுறை கடவுச்சொல் எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.