பனி நிலவுக்குப் பக்கத்தில் பறக்க எதற்குச் சுற்றிச் சுற்றிப் போகிறார்கள், நேராகப் போனால் என்ன?

எரிபொருளைக் கூடுதலாக நிரப்பிவிட்டால் நேராகப் போகலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பொறியியல் மாணவர் என்று நினைக்கிறேன். நானும் கல்லூரிக் கடைசி வருடம் இதே கேள்வியோடுதான், சனிக் கோளைச் சுற்றி ஆராய்ந்த காசினி விண்கலத்தின் பாதையைக் கணினியில் போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன்.

2004இல் சனியின் பிடிக்குள் நுழைய காசினி 96 நிமிடம் எஞ்சினை எரித்தது. அதனால் அதன் வேகம் நொடிக்கு 626 மீட்டர்தான் குறைந்தது. ஆனால் சனியின் மிகப் பெரிய நிலவான டைட்டனை ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒருமுறை கடந்தாலே நொடிக்குச் சுமார் 800 மீட்டர் அளவுக்குத் திசைவேகம் மாறும், அதுவும் எரிபொருளை எரிக்காமல், டைட்டனின் ஈர்ப்பு விசையாலேயே. நீங்கள் கேட்ட பனி நிலவான என்செலாடஸுக்கு அந்தத் தெம்பு கிடையாது, குறுக்களவே 504 கிலோமீட்டர். அதனால் அதனிடம் போவதற்கும் டைட்டன்தான் பாதையைத் திருப்பிவிட வேண்டும்.

ஹாஸ்டலில் ஒரு ராத்திரி, டைட்டனைக் கடக்கும் உயரத்தில் வெறும் 1 கிலோமீட்டரை மாற்றி ஓட்டினேன். முழுப் படத்தில் பழைய கோடும் புதிய கோடும் ஒன்றாகத்தான் தெரிந்தன. பெரிதாக்கிப் பார்த்தால், சனியைச் சுற்றும் 16 நாள் சுற்று முடியும் இடத்தில் பல நூறு கிலோமீட்டர் இடைவெளி! அலகில் தப்பு என்று நினைத்து விடியும்வரை திரும்பத் திரும்ப ஓட்டினேன், தப்பே இல்லை. இப்படி விலகக்கூடிய பாதையை அவ்வப்போது சின்னச் சின்னதாக எஞ்சினைத் தட்டித் திருத்திக்கொண்டே போய், 2008 அக்டோபரில் என்செலாடஸுக்கு 25 கிலோமீட்டர் மேலே பறந்திருக்கிறார்கள். சிக்னல் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைசி நேரத்தில் இங்கிருந்து கையால் திருப்புவதெல்லாம் நடக்காது.

துறையில் இருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். சூரியன், மற்ற நிலவுகள், சனியின் தட்டை வடிவம் எதையும் நான் சேர்க்கவில்லை, அது எனக்கும் தெரியும்.

இவ்வளவு செய்தும் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஹார்டுவேர் எங்கே?" காசு கொடுத்துக் கடையில் வாங்கி வந்த ப்ராஜெக்ட்டுகளுக்கு என்னைவிட மதிப்பெண் அதிகம். வருடம் பல ஆகியும் எனக்கு ஆறவில்லை. சொந்தமாகக் கணக்குப் போடும் பிள்ளையை இப்படி நடத்தவே கூடாது.

சரி, நீங்களே ஓட்டிப் பாருங்கள். டைட்டனின் ஈர்ப்பு எண் (GM, அதாவது ஈர்ப்பு மாறிலியை நிறையால் பெருக்கியது) 8978 (கன கி.மீ./நொடி²), ஆரம் 2575 கி.மீ., நெருங்கும் வேகம் நொடிக்கு 5.7 கி.மீ. என்று வையுங்கள். அப்புறம் உயரத்தில் அந்த 1 கிலோமீட்டரை மட்டும் மாற்றுங்கள்.