நெறி கட்டினால் உள்ளே பெரட்டு நடக்கிறது: டி செல்கள் பற்றிக் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் பேசிய அன்று நேரம் போதவில்லை. மிஞ்சிய கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தீர்கள். அவற்றுக்குத்தான் இந்தப் பதில்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் ரத்தம் பார்த்தவள், அவ்வளவுதான். மருந்தைக் கூட்டுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

ஆன்ட்டி, டி செல்லில் அந்த 'டி' எதற்கு? வெள்ளை அணு என்று பாடத்தில் படித்தோம், அதற்கு மேல் புரியவில்லை. (படிவம் 5 மாணவி)

'டி' என்பது தைமஸ். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சுரப்பி. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இந்த அணுக்கள் தைமஸுக்குப் போய்த் தேறி வந்தால்தான் வேலைக்கு ஆகும். அந்தச் சுரப்பி எதற்கு இருக்கிறது என்று 1961 வரைக்கும் சரியாகத் தெரியாது. அந்த ஆண்டு லண்டனில் ஜாக் மில்லர், அப்போதுதான் பிறந்த எலிக்குஞ்சுகளிடமிருந்து அதை எடுத்துவிட்டுப் பார்த்தார். குஞ்சுகள் தொற்றுக்குத் தாங்கவில்லை. வேறு எலியின் தோலை ஒட்டினாலும் அவற்றின் உடம்பு அதைத் தள்ளிவிடவில்லை. அந்நியன் யார் என்று பார்க்க உள்ளே ஆளே இல்லை!

தைமஸில் நடக்கும் தேர்வு நம் எஸ்பிஎம் பரீட்சையை விடக் கடுமை. நம் சொந்த உடம்பையே எதிரியாகப் பார்க்கும் அணு அங்கேயே சாக வேண்டும். உள்ளே போவதில் மிகச் சிலவே வெளியே வருகின்றன.

வந்தவை எங்கே இருக்கும்? காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறி ஒரு பெரட்டுக் களம், தோட்டத்தில் விடியலில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பார்களே, அது மாதிரி. காயத்தில் காவல் நிற்கும் ஓர் அணு கிருமியின் துணுக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறது. கூடியிருக்கும் டி செல்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் அடையாளம் காணும். எதற்கு அந்தத் துணுக்கு பொருந்துகிறதோ அது பெருக ஆரம்பிக்கும். சில நாளில் ஒன்று ஆயிரமாகும். நெறி வீங்குவதும் வலிப்பதும் அதனால்தான்.

பெருகுவதில் இரண்டு சாதி உண்டு. சிடி8 வகை நேரே போய்க் கொல்லும். வைரஸ் புகுந்த அணுவின் தோலில் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் ஓட்டை போட்டு, கிரான்சைமை உள்ளே செலுத்தினால் அந்த அணு தானே செத்துவிடும். சிடி4 வகை பெரும்பாலும் கையை நனைக்காது. அது மண்டோர், ஆட்களை ஏவி வேலை வாங்கும் ஆள்.

மண்டோர் சத்தம் போட்டால்தான் ஆள் நகரும், தங்கச்சி. வாயில்லாத அணு எப்படி உத்தரவு போடும்? (ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி)

நல்லாக் கேட்டீங்க அண்ணே. அதற்குச் சீட்டு அனுப்பும். சைட்டோகைன் என்று பெயர். அணு வெளியே விடும் சின்னப் புரதங்கள். அந்தச் சீட்டைப் படிக்கும் வாங்கி (ரிசெப்டர்) எந்த அணுவின் மேல் இருக்கிறதோ அதற்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரும்.

கிருமியை முதலில் பார்த்த காவல் அணு எந்தச் சீட்டைக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்து மண்டோரின் குணம் மாறும். இன்டர்லூகின்-12 கிடைத்தால் அது டிஎச்1 ஆகும் ('டிஎச்' என்றால் உதவி டி செல்). டிஎச்1 அனுப்புவது இன்டர்ஃபெரான் காமா. அது மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுவை, 'விழுங்கியதை உள்ளேயே வைத்துக் கொல்லு' என்று உசுப்பிவிடும். காசநோய்க் கிருமிக்கு இதுதான் சரியான ஆள். இன்டர்லூகின்-4 கிடைத்தால் டிஎச்2 ஆகும். அது இன்டர்லூகின்-5 அனுப்பி இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களைக் கூட்டும், இன்டர்லூகின்-13 அனுப்பிச் சளியை ஊறவைக்கும். குடல் புழுவை வெளியே தள்ள அந்தச் சளி வேண்டும். டிஎச்17 மூன்றாவது. அது பூஞ்சைக்கும் தோல், குடல் ஓரத்துக் கிருமிகளுக்கும் நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். முதல் இரண்டையும் 1986இல் எலிகளில் பிரித்துக் காட்டியவர்கள் மோஸ்மனும் காஃப்மனும்.

மண்டோர் தப்பாக ஆள் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தொழுநோயை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தொழுநோயாளிகளுக்காக 1930இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்பை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே இருந்த எல்லோருக்கும் ஒரே கிருமிதான். ஆனால் ஒருவருக்கு உணர்ச்சியற்ற இரண்டு மூன்று தேமல், இன்னொருவருக்கு முகமெல்லாம் முடிச்சு. முதல் ஆளுக்கு டிஎச்1 வலுவாக நின்றது, தோலில் கிருமியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது ஆளுக்கு இன்டர்லூகின்-4, 10 பக்கம் சாய்ந்துவிட்டது. அவர் உடம்பும் சும்மா இல்லை, எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடி) கொட்டிக் குவித்தது. ஆனால் கிருமி அணுவுக்குள் பதுங்கியிருக்கும்போது வெளியே சுற்றும் எதிர்ப்புரதம் என்ன செய்யும்? சக்தி குறைவு என்பதை விட, உத்தரவு மாறிப்போனது என்பதுதான் சரி.

அக்கா, நான் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் கையுறை போட்ட பத்து நிமிஷத்தில் தடிக்கிறது. எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பும் வெடிப்பும். இரண்டும் ஒரே அலர்ஜிதானா?

இல்லை தம்பி, வேற வேற. பால் மரத்துப் பாலில், அதாவது ரப்பர்ப் பாலில், உள்ள புரதம் அந்தப் பெண்ணுக்கு ஆகவில்லை. டிஎச்2 வகை உத்தரவால் பி செல்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தை ஏற்கெனவே செய்து வைத்திருக்கும். புரதம் பட்டதும் நிமிஷத்தில், தடிக்க வைக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் கொட்டும். அவர் கவனமாக இருக்க வேண்டும், மூச்சே திணறலாம்.

உங்களுடையது டி செல்களே நேரில் வந்து போடும் சண்டையாக இருக்கலாம். பாலைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் தையூரம், கார்பமேட் போன்ற ரசாயனங்கள்தான் வழக்கமான காரணம். பழைய நினைவுள்ள டி செல்கள் கூடிவர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதனால்தான் தாமதம். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாவதும் இதே கதைதான், அங்கே நிக்கல். நைட்ரைல் கையுறைக்கு மாறினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அவருக்கு அது உதவும். உங்களுக்கு உதவாமல் போகலாம், ஏனென்றால் அந்த ரசாயனங்கள் நைட்ரைலிலும் சேர்ப்பார்கள். தோல் டாக்டரிடம் போய் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை கேளுங்கள்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு வயிறு நிறையப் பூச்சி, ஒருத்தருக்கும் ஆஸ்துமா இல்லை. பேரனுக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டாமா?

கொடுங்க பாட்டி. புழுவுக்கும் ஆஸ்துமாவுக்கும் டிஎச்2தான் முன்னால் வரும் என்பதால் ஆராய்ச்சியாளர்களும் அப்படி யோசித்ததுண்டு. ஆனால் கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்து நம் ஆட்களை எப்படி வெளுக்க வைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

மூட்டு வாதத்துக்கு ஊசி போடுமுன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் எடுத்தார்கள். எனக்கு இருமலே இல்லையே?

அந்த ஊசி டிஎன்எஃப் என்ற சைட்டோகைனைத் தடுக்கும் வகை என்று நினைக்கிறேன். மூட்டை வீங்க வைப்பது அது. ஆனால் நுரையீரலில் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி அணுக்கள் கட்டும் வேலியை நிற்க வைப்பதும் அதே டிஎன்எஃப்தான். வேலியைப் பிடுங்கினால் உள்ளே கிடந்தது எழுந்துவிடும். இருமல் இல்லாமலே பல வருஷம் கிருமி அப்படிக் கிடக்கலாம்.

உங்களுக்குச் செய்த சோதனையும் கிருமியைத் தேடவில்லை, டி செல்லைத்தான் விசாரித்தது. முன்கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்கச் சொன்னார்களா? அந்தத் தடிப்பே டி செல்கள் கூடிய இடம்தான். ரத்தம் எடுத்திருந்தால், காசநோய்ப் புரதத்தோடு ஓர் இரவு வைத்து, எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா வந்தது என்று பார்த்திருப்பார்கள்.

அத்தை, அம்மாவுக்கு இடுப்பில் அக்கி. பூசாரி காவியில் எழுதிவிட்டார். போதுமா?

எழுதட்டும், ஆனால் அன்றைக்கே கிளினிக்குக்கும் கூட்டிப் போ. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன். கண் பக்கம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. எழுதினால் போகிறது என்று தோன்றுவதற்குக் காரணம், கொப்புளம் இரண்டு முதல் நாலு வாரத்தில் தானாகவே காயும். வலிதான் சிலரை மாதக் கணக்கில் விடாது.

சின்ன வயதில் சின்னம்மை போட்ட வைரஸ் நரம்பு முடிச்சில் ஒளிந்திருக்கும். அதை எழவிடாமல் காவல் காப்பவை டி செல்கள். வயதாக ஆகத் தைமஸ் சுருங்கிக் கொழுப்பாகிறது, காவலும் தளர்கிறது. 50 வயதுக்கு மேல் இரண்டு தவணைத் தடுப்பூசி உண்டு. அம்மா தேறிய பிறகு டாக்டரைக் கேள்.

எதிர்ப்பு சக்தி கூட்டும் பொடி விற்கிறேன் அக்கா. டி செல்லையும் கூட்டும் என்று விளம்பரத்தில் போடலாமா?

வேண்டாம் தம்பி. கூட்டினால் என்ன ஆகும் என்று 2006இல் லண்டனில் பார்த்துவிட்டார்கள். டி செல்லை நேரே உசுப்பும் ஒரு மருந்தை ஆரோக்கியமான ஆறு பேருக்கு ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் சைட்டோகைன் வெள்ளம், ஆறு பேருக்கும் உறுப்புகள் தடுமாறித் தீவிர சிகிச்சை. நல்ல காலம், எல்லோரும் பிழைத்தார்கள்.

உடம்பே பிரேக் வைத்திருக்கிறது. ஒழுங்குபடுத்தும் டி செல் என்று ஒரு வகை, சண்டையை அடக்குவதே அதன் வேலை. 1995இல் சாகாகுச்சி என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அதைக் காட்டினார். அதை உருவாக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைப் பின்னால் பிரன்கோவும் ராம்ஸ்டெலும் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2025இல் நோபல். அந்த மரபணு கெட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு எதிர்ப்பு சக்திக்குக் குறைவே இல்லை. அதுவே குடலையும் கணையத்தையும் தோலையும் தின்கிறது. இதையும் விளம்பரத்தில் போடுவாயா?

என் டி செல் எவ்வளவு என்று கிளினிக்கில் எண்ணிப் பார்க்கலாமா?

சாதாரண ரத்தப் பரிசோதனையில் 'லிம்ஃபோசைட்' என்று ஒரு வரி வரும். டி, பி எல்லாம் அதற்குள் சேர்ந்து கிடக்கும். நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே உருவம். முப்பது வருஷம் எண்ணினேன், எது எது என்று கண்ணால் ஒரு நாளும் சொல்ல முடிந்ததில்லை. சிடி4ஐத் தனியாக எண்ண வேறு இயந்திரம் வேண்டும். பெரும்பாலும் எச்ஐவி உள்ளவர்களுக்குத்தான் கேட்பார்கள். வழக்கமாக ஒரு மைக்ரோலிட்டரில் 500 முதல் 1500 வரை இருக்கும், 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் கட்டம். சும்மா ஆசைக்கு எடுக்க வேண்டாம். சளி பிடித்த வாரத்தில் ஒன்று காட்டும், அடுத்த வாரம் வேறு காட்டும், நீங்கள் சீட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வருவீர்கள்.