மார்க் நன்றாக வந்தாலும் புரொபசரைப் போய்ப் பாருங்கள்

தம்பி, ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க வட கரோலினா வந்திருக்கிறீர்கள். வகுப்புக்கு வகுப்பு "ஆபீஸ் அவர்ஸுக்கு வாருங்கள்", அதாவது மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கிய நேரத்தில் அறைக்கு வந்து பாருங்கள், என்கிறார்கள். பாடம் புரிகிறதே, எதற்குப் போக வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். போனால் மக்கு என்று நினைப்பார்கள் என ரூம்மேட்கள் சொல்கிறார்களாம். ஒரு மென்டாரை, அதாவது வழிகாட்டியை, தேடிக்கொள் என்று ஓரியன்டேஷனில் சொன்னது எப்படி நடக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

போங்கள். சந்தேகம் இல்லாவிட்டாலும் போங்கள். நம் ஊரில் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதான் வயிறு கலங்கும். அந்தப் பயம் விமானம் ஏறி நம்மோடு வந்துவிடுகிறது. இங்கே சிலபஸில் கிழமையும் நேரமும் போட்டிருப்பது உங்களுக்காகவே ஒதுக்கிய நேரம். பரீட்சைக்கு முந்தின நாள் அந்த வாசலில் வரிசை நிற்கும். மற்ற வாரங்களில் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. செமஸ்டர் தொடக்கத்திலேயே போனால் நிதானமாகப் பேசலாம்.

என்ன பேசுவது? "எனக்கு உங்கள் துறையில் ஆர்வம் உண்டு" என்று பொதுவாகத் தொடங்காதீர்கள். அதற்கு அவரால் தலையாட்டத்தான் முடியும். "செவ்வாய்க்கிழமை நீங்கள் காட்டிய முறை டேட்டா குறைவாக இருந்தாலும் தாங்குமா?" என்று கேளுங்கள். அல்லது அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, இந்த இடத்தில் ஏன் இந்த வழியை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதிலாக அவர் எதையாவது படிக்கச் சொல்வார். படித்துவிட்டு அடுத்த வாரம் திரும்பப் போங்கள். முதல் தடவை பலரும் போகிறார்கள். சொன்னதைச் செய்துவிட்டு மறுபடி வருபவர் வெகு சிலர், அவர்களைத்தான் ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2014இல் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் சேர்ந்து அமெரிக்கப் பட்டதாரிகள் 30,000 பேருக்கு மேல் கேட்டுப் பார்த்தன. படிப்பில் உற்சாகமூட்டிய ஓர் ஆசிரியராவது இருந்தார் என்று உறுதியாகச் சொன்னவர்கள் 63 சதவீதம். ஆசிரியர்கள் தன்மேல் அக்கறை காட்டினார்கள் என்றவர்கள் 27 சதவீதம். தன் கனவைத் தொடரச் சொல்லி ஊக்கம் தந்த மென்டார் இருந்தார் என்றவர்கள் 22 சதவீதம். மூன்றும் கிடைத்தவர்கள் வெறும் 14 சதவீதம். அப்படிக் கிடைத்தவர்கள் பின்னாளில் வேலையில் ஈடுபாட்டோடு இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. பெரிய பெயருள்ள கல்லூரியா, சாதாரணக் கல்லூரியா என்பது அதில் அவ்வளவாக வித்தியாசம் காட்டவில்லை. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி வரும் நம் பிள்ளைகள் பலர், தாங்கள் பணம் கட்டியதிலேயே மதிப்பு அதிகமான, ஆசிரியரோடு பழகும் இந்தப் பங்கைத் தொடாமலே பட்டம் வாங்கிப் போவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கும்.

அப்புறம் மென்டார் விஷயம். யாரிடமும் போய் "எனக்கு மென்டாராக இருப்பீர்களா?" என்று கேட்காதீர்கள். சேர்ந்து வேலை செய்யச் செய்ய அது தானாக அமையும். எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைத் தேடவும் வேண்டாம். உங்கள் அட்வைசர் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று சொல்வார், அதோடு அவர் வேலை முடிந்துவிடலாம். கட்டுரை எழுதும் பழக்கத்தை ரைட்டிங் சென்டரில் கற்றுக்கொள்ளலாம். லேபில் தினசரி வேலையைச் சொல்லித் தருவது அநேகமாக ஒரு பிஎச்.டி. மாணவர்தான். நான் படித்தபோது என் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேள்வி கேட்டவர் அப்படி ஒரு சீனியர்தான். இன்று வேலையில் அடுத்தவர் எழுதியதைச் சரிபார்க்கும்போது நான் கேட்பதெல்லாம் அந்தக் கேள்விகள்தான்.

லேபில் இடம் கேட்பதை அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்க வேண்டாம். எம்ஐடியில் மார்கரெட் மெக்விகார் 1969இல் தொடங்கிய திட்டத்தில் இளங்கலை மாணவர்களே ஆசிரியர்களின் ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். பிறகு பல கல்லூரிகளில் இது வழக்கமாகிவிட்டது. அடுத்த வருடம் இளங்கலையில் சேர வரும் உங்கள் தங்கைக்கும் ஒன்று சொல்லுங்கள். ஆர்இயு என்று கோடைகால ஆராய்ச்சித் திட்டங்கள் உண்டு. அவற்றில் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் இடங்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. அதை நம்பிக் கோடையை வீணாக்காமல், பல்கலைக்கழகமே சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டங்களைத் தேடச் சொல்லுங்கள்.

விசா விஷயத்தில் கவனம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். எவ்வளவு நல்ல புரொபசராக இருந்தாலும் அவருக்கு இந்த விதிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "பரவாயில்லை, சேர்ந்துகொள்" என்று அவர் சொன்னாலும், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்ட பிறகே தொடங்குங்கள். வெளியே இன்டர்ன்ஷிப் என்றால், படிப்பின் பகுதியாக வெளியே வேலை செய்ய விடும் சிபிடி அனுமதி கைக்கு வந்த பிறகுதான் முதல் நாள் வேலை.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிஎச்.டி.க்கு வழக்கமாக மூன்று கடிதம் கேட்பார்கள். ஏ கிரேடு வாங்கினார் என்பதைத் தவிர உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவரின் கடிதம் உதவாது. கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது கேளுங்கள். "என்னைப் பற்றி வலுவாக எழுத உங்களால் முடியுமா?" என்றே கேட்கலாம். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரிடம் போங்கள். ரெஸ்யூமே, தேதிகளின் பட்டியல், அவரோடு செய்த வேலை பற்றி நான்கு வரி, எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்றால், முதலில் "டாக்டர்" அல்லது "புரொபசர்" போட்டுக் குடும்பப் பெயரோடு எழுதுங்கள். பதிலில் அவர் தன் முதல் பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டால், அடுத்த முறை அப்படியே எழுதலாம். மனம் வரவில்லையா, டாக்டர் என்றே எழுதுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.