பிளாஸ்க் டீ தண்ணீர்க் கணக்கில் சேருமா?

திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான். வெயில் அப்படி. 2024 ஏப்ரல் 28-ஆம் தேதி மாக்வே பக்கம் சௌக் ஊரில் 48.2 டிகிரி கொளுத்தியதிலிருந்து, ஏப்ரல் பிறந்தாலே எல்லாருக்கும் தொண்டை வறண்டுவிடுகிறது. வழக்கம்போல முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை, முப்பது வருஷம் மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி (ரங்கூன், தாம்வே வாசகர்): ஐயா, எனக்கு 46 வயது, பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். காலையில் டீக்கடையில் தொடங்கினால் ராத்திரி கடை அடைக்கும்வரை நாலு பால் டீ ஓடும். நடுநடுவே மேசையில் இருக்கும் பிளாஸ்க்கிலிருந்து வெறும் டீ எத்தனை கிண்ணம் என்று எனக்கே தெரியாது. வெறும் தண்ணீர் என்று பார்த்தால் மாத்திரை போடும்போது அரை கிளாஸ்தான். என் மகன் போனில் ஒரு ஆப் வைத்துக்கொண்டு, "அப்பா, டீ தண்ணீரில் சேராது, அது உடம்பில் உள்ள தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும், நீங்கள் தினமும் தண்ணீரே குடிக்காத ஆள்" என்று பயமுறுத்துகிறான். உண்மையா?

பதில்: தம்பி, மகனுக்கு அப்பா மேல் அக்கறை, அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஆப் சொன்னது தப்பு. டீ சேரும். பால் டீயும் சேரும், பிளாஸ்க் டீ தாராளமாகச் சேரும்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், டீயிலும் காப்பியிலும் இருக்கும் காஃபீன் கொஞ்சம் சிறுநீரைக் கூட்டும், அது மெய்தான். ஆனால் அதற்கு ஒரே மூச்சில் 250, 300 மில்லிகிராம் காஃபீன் உள்ளே போகவேண்டும், அதுவும் பழக்கமில்லாத உடம்பாக இருக்கவேண்டும். ஒரு கப் டீயில் இருப்பது 40, 50 மில்லிகிராம் அளவு. தினமும் குடிக்கிறவனுக்கு உடம்பு பழகிப்போய்விடும். பிரிட்டனில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள்: காப்பிப் பழக்கம் உள்ள 50 ஆண்களுக்கு மூன்று நாள் தினமும் நாலு கப் காப்பி, இன்னொரு மூன்று நாள் அதே அளவு தண்ணீர். ரத்தம், சிறுநீர், எடை எல்லாம் பார்த்தும் உடம்பின் நீர்ச்சத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காப்பியே அப்படி என்றால் நம் பிளாஸ்க்கில் இருக்கும் வெளிறிய டீக்கு என்ன பயம்?

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். கப்புக்கு 150 மில்லி என்று வைத்தால் நாலு பால் டீ 600 மில்லி. சின்னக் கிண்ணத்தில் பத்துத் தடவை பிளாஸ்க் டீ என்றால் குறைந்தது 800 மில்லி. காலையில் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) சாப்பிட்டிருந்தால் அந்தக் குழம்பு, மத்தியானம் ரசம், சோற்றிலேயே இருக்கும் தண்ணீர் (வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான், நம்பமாட்டீர்கள்) எல்லாம் சேர்த்தால் 2 லிட்டரைத் தாண்டிவிடுவீர்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் சொன்ன அளவு ஆணுக்கு 2.5 லிட்டர், பெண்ணுக்கு 2 லிட்டர், அதுவும் சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்துத்தான். அது மிதமான வெயிலில் மிதமாக வேலை செய்கிறவர்களுக்கான அளவு. நம் ஏப்ரலில் பாத்திர மூட்டை தூக்கினால் கூடத்தான் வேண்டும், அதனால் இன்னும் இரண்டு கிளாஸாவது தண்ணீரோ பிளாஸ்க் டீயோ குடியுங்கள்.

ஆனால் மகன் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது, அதை நான் கேட்கிறேன்: அந்த நாலு பால் டீயில் எவ்வளவு சீனி? நம்மூர் டீக்கடையில் சீனியாகப் போடுவதில்லை, கெட்டிப் பாலாக ஊற்றுகிறார்கள், அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மேசைக்கரண்டி கெட்டிப் பாலில் சேர்த்த சீனி மட்டும் சுமார் 9 கிராம். "ச்சோ செயின்" (நல்ல இனிப்பாக, பால் தூக்கலாக) என்று கேட்டால் இரண்டு கரண்டி கண்ணை மூடிக்கொண்டு போகும். நாலு கப்புக்கு 72 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன மேல் எல்லை, நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு, 50 கிராம் மாதிரி. முடிந்தால் 25-க்குக் கீழே என்கிறது. நீங்கள் இன்னும் சாப்பாட்டில் கைவைக்கவே இல்லை! ஆக தண்ணீர்க் கணக்கில் நீங்கள் பாஸ், சீனிக் கணக்கில் ஃபெயில். நாலை இரண்டாக்கிக்கொள்ளுங்கள், அதையும் "போ ச்சா" (இனிப்புக் குறைவாக) என்று கேட்டு வாங்குங்கள், மிச்சத்துக்குப் பிளாஸ்க் இருக்கிறது, அது இலவசமும்கூட. ஒன்று மட்டும், வெறும் டீயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், காய்கறியில் இருக்கும் இரும்புச்சத்தை அது உடம்பில் சேரவிடாது. வீட்டுப் பெண்களுக்கு ரத்தச்சோகை இருந்தால் இதை முக்கியமாகச் சொல்லுங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

கேள்வி (தட்டோன் வாசகி): என் மாமியாருக்கு 74 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் 8 கிளாஸ் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்வதால் நான் அளந்து அளந்து கொடுக்கிறேன். அவர் "என்னைத் தண்ணீரிலேயே கொன்றுவிடுவாள்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் செய்வது தப்பா?

பதில்: தங்கச்சி, மனசு நல்ல மனசு, அளவுதான் யோசிக்கவேண்டியது. அந்த 8 கிளாஸ் கதை அமெரிக்காவில் 1945-இல் ஒரு உணவு வாரியம் எழுதிய குறிப்பிலிருந்து வந்தது என்கிறார்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே இதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்றும் எழுதினார்கள். முதல் வரி உலகம் முழுக்கப் போனது, இரண்டாவது வரி வீட்டிலேயே தங்கிவிட்டது. 2002-இல் ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக நிபுணர் இந்த 8 கிளாஸுக்கு அறிவியல் ஆதாரம் எங்கே என்று தேடிப்பார்த்து, ஆரோக்கியமான ஆட்களுக்கு அப்படி ஒரு ஆதாரமும் கிடைக்கவில்லை என்று கட்டுரையே எழுதினார்.

இருந்தாலும் வயதானவர்களை "தாகம் எடுத்தால் குடி" என்று விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் வயதானால் தாகமே சரியாக எடுக்காது. எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது: பிரஷர் மாத்திரைகளில் சில, சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகள். அவற்றோடு சேர்த்து வெறும் தண்ணீரை வலுக்கட்டாயமாக ஊற்றினால் ரத்தத்தில் உப்பு குறைந்துபோகும், அப்போது தலைசுற்றல், குழப்பம், தூக்கக் கலக்கம் எல்லாம் வரும், வீட்டில் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். இதய வீக்கமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு கிளாஸ்கூட வேண்டாம்.

கிளாஸ் எண்ணுவதை விட்டுவிட்டு அவருக்குப் பிடித்த வடிவத்தில் கொடுங்கள். மோர், ரசம், பருப்புத் தண்ணீர், கஞ்சி, எல்லாம் சேரும். என் அப்பா தன்லியின் பக்கம் வயலில் வேலை பார்த்தவர், காலையில் நீராகாரம் ஒரு சொம்பு குடித்துவிட்டு இறங்கினால் பத்து மணிவரை வேறெதுவும் வேண்டாம். தண்ணீரும் போயிற்று, உப்பும் போயிற்று, கூட ஒரு சின்ன வெங்காயம். (பிரஷர் இருப்பதால் மாமியாருக்கு அதே நீராகாரத்தில் உப்பைக் குறையுங்கள்.) தர்பூசணியில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர், வெள்ளரியில் 95. சந்தையில் இங்கே விசைக் கணக்கில்தானே நிறுப்பார்கள், அந்த வார்த்தையே நம்ம தமிழிலிருந்து போனது. ஒரு விசை என்றால் 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. தோல் போக ஒரு விசைப் பழம் வீட்டில் எல்லாரும் பங்குபோட்டால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீரைத்தான் தின்றிருக்கிறீர்கள். சிறுநீர் இளமஞ்சளாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். கெட்டியான டீ நிறத்தில் போனால் குறைவு. மாமியார் பக்கத்து வீட்டில் சொல்வதற்கு வேறு விஷயம் கண்டுபிடிப்பார், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி (மோல்மீன் வாசகர்): பீர், பனங்கள் இரண்டும் தண்ணீர்தானே? வெயிலுக்குக் குளிர்ச்சி என்கிறார்கள்.

பதில்: இந்தக் கேள்வி வருஷா வருஷம் யாராவது ஒருவர் கேட்பார், எப்போதும் ஆண்தான். சிறுநீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோன் ஒன்று மூளையிலிருந்து வருகிறது, சாராயம் அதன் வாயை அடைத்துவிடும், அதனால்தான் குடித்தவர் அடிக்கடி எழுந்து போகிறார். 2016-இல் வந்த ஒரு பிரிட்டன் ஆராய்ச்சியில் 72 ஆண்களுக்குப் பலவித பானங்கள் கொடுத்துப் பார்த்ததில் லேசான பீர் ஒரு லிட்டர், தண்ணீரைவிட அதிகமாகச் சிறுநீரை வெளியேற்றவில்லை என்று வந்தது, அதை உங்கள் கூட்டாளிகளிடம் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். ஆனால் விஸ்கி, ரம் எல்லாம் வேறு கணக்கு. கள் புளிக்கப் புளிக்கக் காரம் ஏறும், காலையில் இறக்கியது வேறு, சாயங்காலம் குடிப்பது வேறு. வெயிலில் வேலை செய்துவிட்டுத் தாகத்துக்குக் குடிப்பதாக இருந்தால் முதலில் தண்ணீர். அதே ஆராய்ச்சியில் உடம்பில் அதிக நேரம் தங்கியது எது தெரியுமா? பால். உப்பும் புரதமும் இருப்பதால் மெதுவாக இறங்குகிறது. பீர்க் கோஷ்டி இதைப் படித்துக் காட்டாது.

கேள்வி (பெகு வாசகி): திஞ்சானில் சுற்றிவிட்டு, வழியில் யே ஓ சின் (வழிப்போக்கர்களுக்கு வைக்கும் தண்ணீர்) பானையிலும் குடித்துவிட்டு வந்த என் 9 வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. இளநீர், கரும்புச்சாறு, கலர் சோடா எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். தண்ணீர்ச் சத்துதானே என்று நினைத்தேன். போக்கு இன்னும் கூடியது. இப்போது நன்றாக இருக்கிறான், ஆனால் அடுத்த தடவைக்குத் தெரிந்துகொள்ளலாம் என்று கேட்கிறேன்.

பதில்: அம்மா, இந்த ஒரு இடத்தில்தான் எது சேரும் எது சேராது என்பது உயிர்ப் பிரச்சினை. சாதாரண நாளில் கரும்புச்சாறும் சோடாவும் தண்ணீர்க் கணக்கில் வந்துவிடும். வயிறு போகும்போது வராது. அவ்வளவு சீனி குடலுக்குள் போனால் அதைக் கரைக்க உடம்பிலிருக்கும் தண்ணீர் குடலுக்குள் வரும், அப்படியே வெளியே போய்விடும். நீங்கள் ஊற்ற ஊற்ற அவனுக்கு வறண்டிருக்கும்.

குடலின் சுவரில் ஒரு கதவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சீனியும் உப்பும் கைகோத்து வந்தால்தான் திறக்கும், திறந்தால் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே வந்துவிடும். வயிற்றுப்போக்கிலும் இந்தக் கதவு கெடுவதில்லை. உப்புச்சர்க்கரைக் கரைசலின் ரகசியம் இவ்வளவுதான். 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் பொங்காவ் முகாமில் காலராவில் விழுந்துகொண்டிருந்தபோது, ஊசிவழி ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைத்தான் பெரிய பீப்பாய்களில் கரைத்துக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

மருந்துக்கடையில் பாக்கெட் கிடைக்கும், ஒரு பாக்கெட் எத்தனை தண்ணீருக்கு என்று அதன் மேலே போட்டிருக்கும், அதே அளவில் கரையுங்கள், குழந்தை சின்னதென்று பாதி பாக்கெட்டைக் கையளவாகப் போடக்கூடாது. பாக்கெட் இல்லையென்றால் கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய சின்னக் கரண்டி சீனி 6, உப்பு அரைக் கரண்டி. நாக்கில் வைத்தால் கண்ணீர் உப்புக்கு மேல் கரிக்கக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி. இளநீர் மோசமில்லை, ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, போக்கில் போவதோ சோடியம்தான், அதனால் கூடக் கொடுக்கலாம், அதை மட்டும் நம்பக்கூடாது. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீர்ப் பக்கமே போகவேண்டாம்.) அழுதால் கண்ணீர் வரவில்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் உள்ளே போய்விட்டது, மலத்தில் ரத்தம், இதில் ஒன்று கண்டாலும் கரைசல் கலக்கி உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

யே ஓ சின் பானையைத் திட்டாதீர்கள். யாரோ புண்ணியத்துக்கு வைத்தது, நம்ம ஊர்த் தண்ணீர்ப்பந்தல் மாதிரி. பானை நல்லதுதான், எல்லாரும் வாய்வைக்கும் அந்த ஒரே டம்ளர்தான் எனக்குப் பிடிக்காதது. பையனிடம் சொந்தமாக ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள், பானையிலிருக்கும் தண்ணீர் எங்கே பிடித்தது என்பதும் நமக்குத் தெரியாதே.

கேள்வி (அதே பெகுவிலிருந்து, பள்ளி மாணவி): தாத்தா, சதுதிதாவில் (அன்னதானத்தில்) இலவசமாகக் கொடுக்கும் ஷ்வே யின் ஏ குடித்தால் அது தண்ணீரா, சாப்பாடா?

பதில்: தேங்காய்ப் பால், ஜவ்வரிசி, பச்சைச் சேமியா, ஒட்டும் அரிசிச் சோறு, மேலே ஒரு துண்டு ரொட்டி, ஐஸ். பாப்பா, ரொட்டி மிதக்கிற தண்ணீரை நான் பார்த்ததில்லை. ஐஸ் உருகின பாகத்தைத் தண்ணீரில் எழுதிக்கொள், மிச்சத்தைச் சாப்பாட்டில் எழுது, இரண்டாவது கிண்ணம் வாங்கினால் அம்மாவிடம் சொல்லிவிடு, ராத்திரி சோறு குறைவாக வைப்பார்.