கார்டு யார் கையில்?

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். ஆறு வருட மணவாழ்க்கையில் கணவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் முதல் நாள் சொன்னதை மறுநாள் கேட்டால், "நான் சொல்லவே இல்லை, உனக்குத்தான் புத்தி சரியில்லை" என்பார். விவாகரத்தாகி இரண்டு வருடமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். எந்த முடிவும் எடுக்க வரவில்லை. சம்பள ஏடிஎம் கார்டு அண்ணனிடம் இருப்பதால் அந்தக் கவலை மட்டும் இல்லை. போன மாதம் சுடிதார் எடுத்தபோதுகூட ஓடிபி அவர் போனுக்குத்தான் வந்தது. "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சொன்னார். இப்போது தெரிந்தவர் ஒருவர் என்னைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார். என் மனதை நான் எப்படி நம்புவது?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: முன்னாள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒருமுறை படித்தேன், போதும். அந்த மாதிரி ஆட்களைப் பற்றி எனக்கு வாராவாரம் கடிதம் வருகிறது. "அடித்ததில்லை" என்று அவருக்கு நற்சான்றிதழ் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லால் நோகடிப்பதையும், பெண்ணின் பணத்தை அவள் கைக்கு எட்டாமல் வைப்பதையும்கூட வன்முறை என்றுதான் சொல்கிறது.

என்னைக் கோபப்படுத்தியது ஏடிஎம் கார்டு வரிதான். அதில் கவலை இல்லையாம்! அம்மணி, மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஒரு நிறுவனத்தின் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்கிறவர் நீங்கள். முதலாளி உங்களை நம்பி லட்சக்கணக்கில் வரவுசெலவை ஒப்படைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர் ஒரு சுடிதாருக்கு, அண்ணன் தன் போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லும்வரை காத்து நிற்கிறீர்கள். முடிவெடுக்கத் தெரியாதவர் என்று உங்களை எப்படி நம்பச் சொல்கிறீர்கள்? அலுவலகத்தில் காலை முதல் மாலைவரை முடிவுதானே எடுக்கிறீர்கள்! வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றி வைத்துவிடுகிறீர்கள்.

உங்கள் அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். தங்கை திரும்பி வந்து நின்றபோது கதவைத் திறந்து, ஒரு அறை கொடுத்து, வக்கீல் வீட்டுக்கும் கூட வந்திருப்பார். உடன்பிறந்தவன் கடமை அது. அவள் சம்பளத்தை வைத்துக்கொண்டு "எதுக்கு?" என்று கேட்பது எந்தக் கடமையிலும் வராது. கூடப் பிறந்தவன் பக்கத்தில் நிற்க வேண்டியவன், பணத்துக்குக் காவல் நிற்க வேண்டியவன் அல்ல. ஆனால் அவரை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். கார்டை நீட்டியது நீங்கள்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, ஆதாரோடு வங்கிக் கிளைக்குப் போய் உங்கள் மொபைல் எண்ணைக் கணக்கில் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கார்டைக் கேட்டு வாங்கி, ஏடிஎம்மிலேயே பின் நம்பரை மாற்றுங்கள். அப்புறம் யாரையும் கேட்காமல் ஒரு சுடிதார் எடுங்கள். சாயம் போகட்டும், அளவு தப்பட்டும், காசு வீணாகட்டும். தப்பாக ஒன்றை வாங்கியும் வானம் இடிந்து விழவில்லை என்று பார்க்காமல் உங்கள் மனதின் மேல் உங்களுக்கு நம்பிக்கை வராது. யார் என்ன சொன்னார்கள் என்பதில் குழப்பம் வருகிறதா? அன்றே தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். ரசீது இல்லாமல் ஒரு செலவையும் ஏற்காதவருக்கு இது புதிதல்ல. ராத்திரி படபடப்பு வந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

திருமணம் கேட்பவர் நல்லவரா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. மறுமணம் வேண்டாம் என்பவளும் அல்ல நான். ஆனால் இன்றைக்கு நீங்கள் சரி என்றால், அந்தக் கார்டு அண்ணன் கையிலிருந்து நேராக அவர் கைக்குத்தான் போகும். அவரை ஆறு மாதமாவது காத்திருக்கச் சொல்லுங்கள். நடுவில் சின்ன விஷயத்துக்கு "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லி, அவர் முகத்தைக் கவனியுங்கள். அதை எடைபோட உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

வீட்டுச் செலவுக்கு உங்கள் பங்கை மாதம் பிறந்ததும் உங்கள் கையாலேயே அம்மாவிடம் கொடுங்கள், அதில் குறை வைக்கக் கூடாது. கார்டைக் கேட்டால் அண்ணன் முகம் சுருங்கலாம். இரண்டு நாளில் சரியாகிவிடுவார். ஆகவில்லையென்றால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், அப்போது அவரைப் பற்றிப் பேசுவோம்.