அப்பாவுக்கு டிஸ்க் விலகல், நியூரோ சர்ஜனைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆபரேஷன் கட்டாயமா? என்ன அறிகுறி வந்தால் மலையை விட்டு உடனே இறங்க வேண்டும்?

உங்கள் அப்பாவுக்கு 62 வயது, ஒரு மாதமாக இடுப்பிலிருந்து இடது காலுக்கு வலி இறங்குகிறது, எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்புப் பகுதியின் நாலாவது, ஐந்தாவது முதுகெலும்புக்கு நடுவிலுள்ள மெத்தை) பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடுமோ என்று வீட்டில் பயம் என்கிறீர்கள். குன்னூரில் இருப்பதால், தலை, முதுகு சம்பந்தமாக வேறு என்னென்ன வந்தால் காத்திருக்கக் கூடாது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கோவையில் நியூரோ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் நகர்ந்ததும் "சிஸ்டர், அவர் என்ன சொல்லிட்டுப் போறாரு?" என்று எல்லோரும் கேட்பது எங்களிடம்தான். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

வார்டில் இருந்தவரை ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. வலி உள்ளவர்கள் சீக்கிரம் வந்துவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தியே தேவைப்படாது. வலி இல்லாமல் பலம் குறைகிறவர்களும் நிதானம் தப்புகிறவர்களும் தாமதமாக வருவார்கள். அவசரம் அவர்களுக்குத்தான்.

முதலில் அப்பா. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிஸ்க் பிதுக்கம்' என்று இருப்பதைப் படித்துப் பதற வேண்டாம். வலியே இல்லாத அறுபது வயதுக்காரர்களை வரிசையாக நிறுத்தி ஸ்கேன் எடுத்தாலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருக்கும். ஸ்கேனில் தெரிகிற பிதுக்கமும் காலில் இறங்குகிற வலியும் ஒரே நரம்பைச் சேர்ந்தவையா என்பதைத்தான் டாக்டர் பார்ப்பார். அதனால்தான் பேப்பரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஆபரேஷன் வேணுமா?" என்று கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டார்கள். ஆளைப் பார்க்க வேண்டும், காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

காலுக்கு இறங்கும் இந்த வலி முக்கால்வாசிப் பேருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். பிதுங்கிய துண்டையே உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவதும் உண்டு. அதுவரை வலி மாத்திரை, முடிந்த அளவு நடமாட்டம், பிசியோதெரபி. மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பது பழைய வைத்தியம், இப்போது யாரும் சொல்வதில்லை. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நிரந்தரத் தீர்வு இல்லை. இத்தனைக்கும் அடங்காமல் தூக்கமும் வேலையும் கெட்டால் ஆபரேஷன். சின்னக் கீறல் போட்டு, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுப்பார்கள். கால் வலிக்கு அது நன்றாகக் கேட்கும், இடுப்பு வலிக்கு அவ்வளவு உறுதி சொல்ல முடியாது. வலி மட்டுமே இருப்பவர்களில் ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சீக்கிரம் குணம் தெரியும். ஒன்றிரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் செய்யாதவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்திருப்பார்கள். ஆகவே வலி மட்டும் என்றால், எவ்வளவு நாள் பொறுக்க முடியும் என்பதை அப்பாதான் தீர்மானிக்க வேண்டும், நீங்களோ நானோ இல்லை.

கால் விளங்காமல் போகுமா? ஆபரேஷனால் அப்படி ஆவது அரிது. நான் பார்த்தவரை, கால் பலம் குறைந்த பிறகும் "ஆபரேஷன் பண்ணினா படுத்த படுக்கைதான்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே இருந்தவர்களின் கால்தான் அதிகம் கெட்டது. அதனால் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். அப்பாவைச் சுவரைப் பிடித்தபடி குதிகாலால் நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள். பிறகு கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லி, உங்கள் விரலால் கீழே அமுக்கிப் பாருங்கள். வலது காலோடு ஒப்பிட்டால் இடது பக்கம் தொய்கிறது என்றால், பன்னிரண்டு வாரம் என்ற கணக்கை மறந்துவிட்டு இந்த வாரமே சர்ஜனைப் பாருங்கள்.

இன்னொன்று. வீட்டில் கேட்கக் கூச்சப்படுவார்கள், ஆனால் கேட்டே ஆக வேண்டும். சிறுநீர் முட்டியும் வரவில்லையா? அல்லது போவதே தெரியவில்லையா? மலம் கழித்துக் கழுவும்போது தண்ணீர் படுவது உணர்வில் இல்லையா? ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்திருக்கிறதா? இதில் ஒன்று புதிதாக வந்தாலும் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது, அன்று இரவே கிளம்ப வேண்டும். முதுகுத்தண்டின் கீழே உள்ள நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குகிறது என்று அர்த்தம். ஒரு நாள், இரண்டு நாளுக்குள் அழுத்தத்தை எடுத்தால்தான் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்ப நல்ல வாய்ப்பு.

கழுத்து விஷயம் நம் எஸ்டேட் பக்கம் கொஞ்சம் விசேஷம். தேயிலை மூட்டையைத் தலையில் சுமந்துதான் இப்படி ஆச்சா என்று கேட்பார்கள். வயதால் வரும் தேய்மானம்தான் முதல் காரணம், சுமை அதைக் கூட்டலாம். கழுத்தில் தண்டுவடம் நசுங்கும்போது பலருக்குக் கழுத்து வலிப்பதே இல்லை. ஜாக்கெட் கொக்கி மாட்ட வராது, சில்லறை எண்ண முடியாது, செருப்பு காலை விட்டுக் கழன்றதே தெரியாமல் நாலு அடி நடந்திருப்பார்கள். கொழுந்து பறிக்கிற கை தடுமாறுகிறது என்று மேஸ்திரி சொல்லித்தான் சிலருக்கே தெரிய வரும். இங்கே ஆபரேஷனின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் தடுப்பது. போனது முழுசாகத் திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள், எனவே சீக்கிரம் போனால் அவ்வளவுக்கு லாபம். இந்த அறிகுறி உள்ளவரின் கழுத்தைச் சொடக்கு எடுக்க எவரையும் விடாதீர்கள். எனக்கு அதில் சமரசமே கிடையாது.

அடுத்து, வயதானவர்கள் வழுக்கி விழுவது. மழைக் காலத்தில் நம் ஊர்ப் படிக்கட்டும் பாத்தியும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாத்தா விழுந்தார், தலையில் லேசாக இடித்தது, ரத்தம் இல்லை, டீ குடித்துவிட்டுப் படுத்தார். மூன்று வாரம் கழித்து பேச்சு குழறுகிறது, பகலெல்லாம் தூங்குகிறார், ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார். "வயசாயிடுச்சு, ஞாபகம் போகுது" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்கி, காய்ந்த தேங்காய் ஓட்டுக்குள் கொப்பரை ஆடுவது போல மண்டைக்குள் இடம் விட்டு நிற்கும். அந்த இடைவெளியைக் கடக்கும் சிறு ரத்தக் குழாய்கள் இழுபட்டு, லேசான இடிக்கே கசிந்துவிடும். ரத்தம் வாரக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்து மூளையை அழுத்தும். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஒரு சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். மண்டையில் ஒன்றிரண்டு துளை போட்டு வடிப்பார்கள், பல நேரம் இடத்தை மரக்கவைத்தே செய்துவிடலாம். சிலருக்கு மறுபடி சேரும், மறுபடி வடிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் நியூரோ வார்டில் எனக்கு மிகவும் பிடித்த நோயாளிகள் இவர்கள்தான். முந்தின நாள் மகளையே அடையாளம் தெரியாதவர், மறுநாள் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று எங்களிடம் சண்டை போடுவார். ஆகவே ஒரு வாரம் முன்பு இல்லாத மறதி இப்போது இருந்தால், அதை முதுமை என்று முடிவு கட்டாதீர்கள்.

தலைவலிக்கு வருகிறேன். பத்து வருடமாக வந்து போகும் ஒற்றைத் தலைவலிக்கு நியூரோ சர்ஜன் தேவையில்லை. நொடிப் பொழுதில் உச்சத்துக்குப் போகும், வாழ்நாளில் இதற்குமுன் வந்திராத தலைவலி, கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம் என்றால் மூளை ரத்தக் குழாயின் வீக்கம் வெடித்திருக்கலாம். மாத்திரை போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திப் படுக்க வைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து, ஏனென்றால் முதல் 24 மணி நேரத்துக்குள்தான் மறுபடி வெடிக்கும் அபாயம் அதிகம். மண்டையைத் திறந்து கிளிப் போடுவார்கள், அல்லது தொடை வழியாகக் குழாயை விட்டு உள்ளேயே கம்பிச் சுருளால் அடைப்பார்கள். எது நல்லது என்பது வீக்கத்தின் இடத்தையும் வடிவத்தையும் பொறுத்தது. வாரா வாரம் கூடிக்கொண்டே போகும் தலைவலி, காலையில் வாந்தி, கண் மங்குவது ஆகியவை வேறு ரகம். கட்டியோ நீர்த் தேக்கமோ இருக்கிறதா என்று சில நாட்களுக்குள் பார்க்க வேண்டும். கட்டி என்றாலே புற்றுநோய் இல்லை. மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமாவில் பெரும்பாலானவை சாதுவானவை, சிறியதாக இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பார்கள்.

திடீரென்று வாய் கோணி, ஒரு கை தொங்கினால் பக்கவாதம். மூளை ரத்தக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஊட்டியிலிருந்து கோவை மூன்று மணி நேரம் என்றால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். உடனே 108. கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்று சி.டி.யில் பார்க்கும்வரை ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. ஆம்புலன்ஸ்காரரிடமே, எந்த மருத்துவமனையில் இப்போது சி.டி. எடுத்துப் படிக்க ஆள் இருக்கிறது என்று கேளுங்கள். கூடலூர்ப் பக்கத்தார் பெருந்தல்மண்ணாவுக்கோ கோழிக்கோட்டுக்கோ போவதும் இந்த நேரக் கணக்கால்தான், அது சரியும்கூட.

உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் உயிரை எடுக்கும் வலி ஒன்று இருக்கிறது. முகத்தில் ஒரே பக்கம் ஷாக் அடிக்கிற வலி, சில நொடி, பிறகு நின்றுவிடும், மறுபடி வரும். பல் துலக்கினால், மென்றால், மார்கழி உறைபனிக் காற்று கன்னத்தில் பட்டால் வரும். அவலாஞ்சி பக்கத்துப் பாட்டி ஒருவர் கோடையிலும் மஃப்ளரை அவிழ்க்க மாட்டார். பல்வலி என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பல்லைப் பிடுங்கிவிட்டு வருகிறவர்கள் நிறைய. இது முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் வலி. கார்பமசெபின் மாத்திரைக்குப் பெரும்பாலும் கேட்கும். அதைச் சாப்பிடும்போது தோலில் தடிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும், வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாத்திரைக்கு அடங்காவிட்டால், நரம்பின் மேல் உரசும் ரத்தக் குழாயை ஒதுக்கி நடுவில் சின்ன டெஃப்லான் துண்டு வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. மயக்கம் தாங்காதவர்களுக்கு ஊசி வழியாக நரம்பைச் சுடும் முறையும் உண்டு.

வலிப்புக்கு ஒரு வரி போதாது, ஆனால் சுருக்கமாக: கையில் சாவி கொடுக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. ஸ்கேனில் 'புழுக் கட்டி' என்று வந்தால் "நாங்க பன்றி சாப்பிடறதே இல்லையே" என்பார்கள். அது நாடாப்புழுவின் முட்டையால் வருவது. அந்த முட்டை அசுத்தமான தண்ணீர், கழுவாத காய், கை வழியாக யாருக்கும் போகும். தோட்டத்திலிருந்து பிடுங்கிய கேரட்டைப் பாவாடையில் துடைத்துக் கடிக்கும் குழந்தைகளை நாம் தினமும் பார்க்கிறோம். பெரும்பாலும் மாத்திரையிலேயே தீரும், கத்தி அரிது.

பணம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, நியூரோ ஆபரேஷன்கள் பலவும் அதில் வரும். சாலை விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டைகூடத் தேவையில்லை. போகும்போது ஸ்கேன் ஃபிலிமும் அது பதிந்த குறுந்தகடும், சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையும் எடுத்துப் போங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடைசியாக, நம் ஊர்க்காரர்களைத் தவிர யாரும் கேட்காத கேள்வி: ஆபரேஷன் முடிந்து மலை ஏறலாமா? மண்டையைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் உள்ளே கொஞ்சம் காற்று தங்கியிருக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய அந்த அளவுதான். கோவையிலிருந்து ஊட்டிக்கு ஏறினால் அடைபட்ட காற்று கால் பங்கு அளவுக்கு விரியப் பார்க்கும். அதனால் டிஸ்சார்ஜ் சமயத்தில் "எங்க வீடு ஊட்டி, ஸ்கேன்ல காத்து இருக்கா, எப்ப ஏறலாம்?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். சமவெளி டாக்டருக்கு அது தானாக நினைவுக்கு வராமல் போகலாம். சில நாளோ சில வாரமோ மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கச் சொன்னால் இருந்துவிடுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு டிஸ்க் ஆபரேஷன் என்று ஆனால் இந்தக் காற்றுப் பிரச்சினை இல்லை. வளைவுகள்தான் பிரச்சினை. பஸ் வேண்டாம், காரில் முன் சீட்டைச் சாய்த்து உட்கார வையுங்கள், வாந்தி மாத்திரையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பர்லியாறில் இறக்கி ஐந்து நிமிடம் நடக்க விட்டு மீதி வளைவுகளை ஏறுங்கள்.