ஹாலிவுட்டின் தொடக்க காலப் பாடகி நடிகைகளில், உரிய இடம் கிடைக்காமல் போனவர் என்று யாரைச் சொல்வீர்கள்?

தயங்காமல் நினா மே மெக்கின்னியைச் சொல்வேன். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற ஊரில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். நியூயார்க் பிராட்வே மேடையில் குழு நடனத்தில் ஆடிக்கொண்டிருந்தவரைக் கவனித்த இயக்குநர் கிங் விடோர், 1929இல் வெளிவந்த ‘ஹலலூயா’ படத்தில் அவரை நாயகியாக்கினார். நடிகர்கள் அனைவரும் கறுப்பினத்தவராக இருந்த அந்தப் படத்தை எடுக்க ஹாலிவுட் பட நிறுவனமான எம்.ஜி.எம். தயங்கியதால், விடோர் தம் சம்பளத்தையே முதலீடாகத் தர முன்வந்தார்.

அதில் மெக்கின்னி ‘ஸ்வானி ஷஃபிள்’ என்ற பாடலைப் பாடி ஆடும் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பேசும்படங்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. மறைத்து வைத்த மைக்கை விட்டு நகர முடியாமல் மற்ற படங்களின் நடிகர்கள் விறைத்து நின்று வசனம் பேசிய அந்த நாட்களில், பதின்வயதுகூடக் கடக்காத இந்தப் பெண் தோளும் இடுப்பும் பாதமும் ஒரே தாளத்தில் அசைய, கேமரா ஒன்று இருப்பதையே அறியாதவர்போல் பாடுகிறார்.

எம்.ஜி.எம். அவருடன் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டது; ஆனால் நாயகி வேடம் எதையும் தரவில்லை. நாயகி என்றால் நாயகனைக் காதலிக்க வேண்டும், நாயகர்களோ வெள்ளையர்கள்; 1930இல் ஸ்டூடியோக்கள் ஏற்றுக்கொண்ட தணிக்கை விதிகள் கறுப்பர், வெள்ளையர் காதலைத் திரையில் காட்டக் கூடாது என்றன. கறுப்பினப் பெண்களுக்கு எஞ்சியவை பெரும்பாலும் வேலைக்காரி வேடங்கள்தான்.

அதனால் ஐரோப்பா சென்று மேடைகளில் பாடினார். 1935இல் லண்டனில் தயாரான ‘சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்’ படத்தில் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ராப்சனுக்கு மனைவியாக நடித்தார். காலனி ஆட்சியைப் போற்றும் அந்தப் படத்தை ராப்சனே பின்னர் கடுமையாக வெறுத்தார். மெக்கின்னியைக் ‘கறுப்பு கார்போ’ என்று அழைத்தார்கள். அந்தப் பட்டம் எனக்கு இன்றும் வலிக்கிறது, ஏனெனில் உண்மையான கார்போவான வெள்ளை இன நட்சத்திரம் கிரேட்டா கார்போவும் அதே எம்.ஜி.எம்.மில்தான் இருந்தார், மெக்கின்னி வாய்ப்புக்குக் காத்திருந்த ஆண்டுகளில் கார்போ அடுத்தடுத்துப் படங்களில் நாயகியாக நடித்துக்கொண்டிருந்தார்.

1949இல், வெள்ளைக்காரியாகவே பார்க்கப்படும் ஒரு கறுப்பினப் பெண்ணின் கதையான ‘பிங்கி’ படம் வந்தது. அந்த முதன்மை வேடம் ஜீன் கிரெய்ன் என்ற வெள்ளை இன நடிகைக்குப் போனது. மெக்கின்னிக்குக் கிடைத்தது ஒரு சிறு வேடம். 1967இல் அவர் நியூயார்க்கில் காலமானார்.